டிசம்பரில் மூன்று நாள், ஒரு பழைய ஐரோப்பிய நகரம்: எங்கே போகலாம்?

கேள்வி: கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. வரலாறும் பண்டிகைக் களையும் சேர்ந்த ஐரோப்பிய நகரம் ஒன்றைச் சொல்லுங்கள். கூட வருபவர்களில் ஒருவர் சைவம்.

ஜெர்மனியில் இருக்கிற நியூரம்பெர்க். பிராக், வியன்னா, ஸ்ட்ராஸ்பூர்க் எல்லாமே அழகுதான், சண்டைக்கு வரவில்லை. ஆனால் மூன்றே நாள், அதுவும் நடந்தே பார்க்க வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆறு வருடமாக ம்யூனிக்கில் இருக்கிறேன். அங்கிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டிசம்பரில் மூன்று தடவை போயிருக்கிறேன், அதில் முதல் தடவையைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்த அதே தப்பு உங்கள் கேள்வியிலும் தெரிகிறது.

நம் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கடைத்தெருவில்தான் உச்சக்கட்டம். அந்த நினைப்பில் டிசம்பர் 24ஆம் தேதி மூன்று மணிக்குப் போய் இறங்கினேன். அந்த ஊரின் கிறிஸ்துமஸ் சந்தை இரண்டு மணிக்கே முடிந்திருந்தது. கடைக்காரர்கள் கூரைத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். 25, 26 இரண்டும் அங்கே அரசு விடுமுறை, மளிகைக்கடைகள் பெரும்பாலும் திறக்காது. ரயில் நிலையத்து ரொட்டியும் துருக்கிக்காரர் ஒருவர் கடையில் ஃபலாஃபெலும்தான் என் கிறிஸ்துமஸ் விருந்து. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கொண்டாடுவது. தெருவில் நடக்கிற கொண்டாட்டமெல்லாம் அதற்கு முந்தைய நான்கு வாரம், அட்வென்ட் காலத்தில். நியூரம்பெர்க் சந்தை முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை திறக்கும். ஆகவே டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில், திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். சனிக்கிழமை சாயங்காலம் போனால் நாமாக நடக்க வேண்டியதில்லை, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மாதிரி கூட்டமே நம்மைக் கொண்டுபோய்விடும்.

சந்தையின் பெயர் கிறிஸ்ட்கிண்டில்ஸ்மார்க்ட். ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையோடு மரக்கடைகள் வரிசை வரிசையாக நிற்கும், சுமார் 180 இருக்கும். 1628ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மரப்பெட்டியில் இந்தச் சந்தையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது, இதைப் பற்றிய மிகப் பழைய சான்று அதுதான். பெட்டி அதே ஊர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

தங்க நிறச் சுருள்முடியும் கிரீடமுமாக ஒரு பெண் தேவாலய மாடத்தில் நின்று சந்தையைத் திறந்துவைப்பார். அவர்தான் கிறிஸ்ட்கிண்ட். 16 முதல் 19 வயதுக்குள் உள்ள ஊர்ப்பெண்களிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2019இல் தேர்வானவரின் அப்பா இந்தியர். ஒரு கட்சியின் ம்யூனிக் வட்டாரப் பிரிவு உடனே முகநூலில் இனவெறியோடு எழுதியது, ஆனால் ஊர் மொத்தமும் அந்தப் பெண் பக்கம் நின்றது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் இந்த ஊருக்கு இரண்டாம் தடவை போக எனக்கு மனசு வந்தது.

மூன்றாம் தடவை அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தானுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். தேவாலயம், கோட்டை என்று எதைக் காட்டினாலும் "ம்" என்பதோடு சரி. லெப்கூக்கன் கடை வந்ததும் மனிதர் நின்றுவிட்டார். நியூரம்பெர்க்கின் பேர்போன தேன் மசாலா ரொட்டி அது. 1395லேயே இதைச் சுடுகிறவர்கள் அந்த ஊரில் இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது, வெனிஸ் வழியாக வந்த கிழக்கத்தி மசாலாவும் இந்த ஊர் வியாபாரிகள் கையில்தான் புரண்டது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வேறென்ன செய்வார்கள்? இதில் உசத்தி எலிசன் லெப்கூக்கன். பாதாம், ஹேசல், அக்ரூட் மாதிரிப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் அந்தப் பெயரையே போட முடியாது.

அத்தான் ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்து பார்த்தார். "பட்டை, கிராம்பு, ஜாதிபத்திரி. கொத்தமல்லியும் கொஞ்சம் இருக்கு. ஏலம் போட்டிருக்கான், ஆனா நம்ம காயா இருக்காது மாப்ள. குவாத்தமாலா காய்தான் இங்க வந்து இறங்கும்."

போடிக்காரர்களுக்குக் குவாத்தமாலா என்றால் பங்காளிப் பகை மாதிரி. இந்தியாவிலிருந்து ஏலத்தை அங்கே கொண்டுபோய் நட்டதே ஒரு ஜெர்மன் காபித் தோட்டக்காரர்தான், முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் நடந்தது அது என்று நான் வேறு எடுத்துக்கொடுத்துவிட்டேன். "அப்ப வினையே இங்கிருந்துதான் கிளம்பிச்சா!" என்று சொல்லிவிட்டு, நாலு பொட்டலம் வாங்கினார்.

சதுக்கத்தின் கிழக்கே இருக்கிற ஃப்ரவுவன்கிர்ஷே தேவாலயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதியம் 12 மணிக்கு அதன் முகப்புக் கடிகாரத்தில் ஏழு பொம்மைகள் வெளியே வந்து, நடுவில் உட்கார்ந்திருக்கிற புனித ரோமப் பேரரசர் நான்காம் சார்லஸை மூன்று சுற்று வலம் வரும். 1356இல் அவர் வெளியிட்ட பொன்முத்திரைச் சாசனத்தின் நினைவு அது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்த ஏழு பேருக்கு என்று வரையறுத்த சாசனம். கீழே எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அந்தச் சதுக்கம் எப்படி வந்தது என்பது அங்கே நிற்கிற பலருக்குத் தெரியாது. 1349 வரை அது யூதர் குடியிருப்பு. அதை இடித்துச் சந்தைத் திடல் ஆக்க அனுமதி கொடுத்தவர் இதே சார்லஸ். அந்த டிசம்பர் மாதம் 562 யூதர்களைக் கொன்றார்கள். அவர்களுடைய ஜெப ஆலயம் இருந்த இடத்தில் எழுந்ததுதான் இந்தத் தேவாலயம். உள்ளே தரையில் தாவீதின் நட்சத்திரம் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் பார்க்கப்போகிற "பழைய நகரம்" பெரும்பாலும் போருக்குப் பின் திரும்பக் கட்டியது. 1945 ஜனவரி 2 அன்று ஒரே ராத்திரி குண்டுவீச்சில் பழைய நகரத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரே மதில் ஓரமாக மத்தியகாலத் தெரு மாதிரி ஒரு கைவினைஞர் முற்றம் இருக்கும், அது 1971இல் வந்தது! இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. இடிந்ததைத் திரும்ப எழுப்பியதும் அந்த ஊர் வரலாறுதானே. போருக்குத் தப்பியவற்றையே பார்க்க வேண்டும் என்றால் ஓவியர் ட்யூரர் 1509 முதல் 1528இல் இறக்கும்வரை வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். மரச்சட்டம் போட்ட பெரிய வீடு, கோட்டைக்குக் கீழேயே.

கோட்டையில் ஆழ்கிணறை விட்டுவிடாதீர்கள். பாறையைக் குடைந்து சுமார் 50 மீட்டர் இறங்குகிறது. வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சத்தம் வரவே வராதோ என்று தோன்றும்போது அடியிலிருந்து "சளப்" என்று கேட்கும். மெழுகுவத்தித் தட்டை உள்ளே இறக்கியும் காட்டுவார்கள். அத்தான் வாயைத் திறந்து வியந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு காலைப் பொழுதை 600ஆம் எண் நீதிமன்ற அறைக்கு ஒதுக்குங்கள். 1945 நவம்பர் 20 அன்று நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியது அங்கேதான். பண்டிகைப் பயணத்தில் இது எதற்கு என்று அக்கா கேட்டாள். உள்ளே போன பிறகு எங்களை வெளியே இழுத்துவந்தது நான்தான், அவள் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை திறக்காது.

சரி, சாப்பாடு. அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, விரல் நீளத்துக்கு 7 முதல் 9 செ.மீ. வரும் பிராட்வுர்ஸ்ட் என்கிற தொத்திறைச்சி, ஒரு பன்னுக்குள் மூன்று வைத்துத் தருவார்கள். பன்றி இறைச்சி, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சைவக்காரருக்கு உருளைக்கிழங்கு அடை கிடைக்கும், தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். நம் அடையைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த இனிப்புச் சேர்க்கை முதல் வாயில் உதைக்கும், மூன்றாம் வாயில் பழகிவிடும். முட்டையும் ஆகாது என்றால் கேட்டு வாங்குங்கள், அந்த அடையிலும் லெப்கூக்கனிலும் முட்டை இருக்கும். சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமும் சுட்ட செஸ்ட்நட்டும் பிரச்சினை இல்லாதவை. சூடான மசாலா ஒயினுக்குப் பெயர் க்ளூவைன். மது வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், பழச்சாற்றில் அதே மசாலா. குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். குவளையின் படம் வருடா வருடம் மாறும் என்பதால் பலர் கொடுப்பதே இல்லை. அக்கா மூன்றைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சந்தை இரவு ஒன்பது மணி வரை. ஆனால் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், ஆகவே கோட்டை, ட்யூரர் வீடு எல்லாம் காலையிலேயே, விளக்கு ஏறியதும் சந்தை. பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் குழந்தைகளுக்கென்று ராட்டினத்தோடு தனிச் சந்தை உண்டு. கையில் கொஞ்சம் யூரோ நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கடைகள் மூடியிருக்கும், சந்தை திறந்திருக்கும். அறைக்கு இலையுதிர்காலம் வரை காத்திருக்காதீர்கள், விலை ஏறிவிடும்.

அப்புறம் காலணி. எல்லாரும் கோட்டுக்குத்தான் செலவு செய்கிறார்கள், குளிரோ கல் பாவிய தரையிலிருந்து காலுக்குள் ஏறுகிறது. தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. அத்தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரில் நடைப்பயிற்சிக்குப் போடுகிற கேன்வாஸ் ஷூவோடு வந்தார். முதல் நாள் ஏழு மணிக்கே சந்தையில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி, தேவாலயப் படியில் உட்கார்ந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஷூவுக்குள் கால் நுழையவில்லை.