இசை நிகழ்ச்சிகளுக்கு, ஒலிக் குறைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய காதடைப்பான் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்குங்கள். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பரவலான பாதுகாப்புக் கணக்கு, அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். சாதாரண ஃபோம் அடைப்பானும் காதைக் காக்கும், ஆனால் உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டிவிடுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மங்கிவிடும். எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கிற ஃபில்டர் உள்ளதைத் தேடுங்கள். ஃபில்டரை மாற்றவோ வளையத்தைத் திருப்பவோ முடிந்தால் டிரம்ஸ் பக்கத்தில் ஒலிக் குறைப்பைக் கூட்டிக்கொள்ளலாம், மென்மையான பாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, அதனால் பல அளவு முனைகளோடு வருவதையே எடுங்கள். காதை அடைத்துக்கொண்டு பாடுபவர்களுக்குத் தங்கள் குரலே தலைக்குள் முழங்கும். காதை அச்செடுத்துச் செய்த, ஆழமாகப் பொருந்தும் அடைப்பான் அதைக் குறைக்கும்.