வாங்குவோர் பக்கம்: பழைய காருக்கு டில்ட் ஸ்டியரிங்

ஒரே விஷயத்தைக் கேட்டு இத்தனை கடிதங்கள் சேர்ந்துவிட்டதால் இந்த வாரம் வேறு எதற்கும் இடமில்லை. மிக்ஸி, மெத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: 2011-இல் வாங்கிய சிறிய கார், அடிப்படை ரகம். ஸ்டியரிங் ஏறி இறங்காது, முழங்கால் இடிக்கிறது. அதே மாடலின் உயர் ரகத்தில் டில்ட், அதாவது ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் வசதி, உண்டு. விபத்துக் காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் தண்டை 8,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (மதுரை)

ப: அதே மாடல், அதே தலைமுறை என்றால் மாற்றலாம். ஆனால் தண்டை மட்டும் வாங்கி வராதீர்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தண்டைத் தாங்கும் பிராக்கெட், டில்ட் நெம்புகோல், கீழே ஸ்டியரிங் கியர் பெட்டிவரை இறங்கும் இடைத்தண்டு, அதன் குறுக்கு மூட்டுகள், மேலும் கீழும் மூடும் பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். உறைதானே என்று விட்டுவிடுவார்கள். உங்கள் பழைய உறையில் நெம்புகோல் வெளியே வர வழியே இருக்காது; பிறகு மெக்கானிக் சூடான கத்தியால் அறுப்பார்.

எனக்கு உறுத்துவது விபத்துக் கார் என்பதுதான். முன்பக்கம் மோதும்போது ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல், தானே உள்ளுக்குள் சரிந்து குறுகும்படி செய்யப்பட்டிருக்கிறது. இந்த வேலையை அது ஒரு முறைதான் செய்யும். ஏற்கெனவே சரிந்த தண்டை இழுத்து நீட்டி, துடைத்து, கறுப்பு வண்ணம் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பிராக்கெட்டில் போல்ட் நுழையும் இடத்தில் உடையக்கூடிய சிறு துண்டுகள் இருக்கும். அவை பிராக்கெட்டிலிருந்து நழுவியிருந்தாலோ உடைந்திருந்தாலோ பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நசுங்கிய காரின் தண்டு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பின்பக்கம் அடிபட்ட காரா என்று கேட்டு, காரையே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு. சாவிப் பூட்டு தண்டோடு வரும்; இரண்டு சாவியோடு அலைய விருப்பமில்லை என்றால் பழைய பூட்டை மாற்றிப் பொருத்த வேண்டும். அதன் போல்ட்டுகளுக்குத் தலை இருக்காது, திருட்டைத் தடுக்க இறுக்கும்போதே முறியும்படி செய்தவை. துளையிட்டுத்தான் எடுக்க முடியும், அதற்குத் தனிக் கூலி. ஆர்.சி.யில் பதிந்த விவரம் எதுவும் இதனால் மாறாது. ஆனாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: தண்டின் கீழ்முனைப் பல் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் இரண்டு தண்டையும் வெட்டி வெல்டிங் செய்து கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா? (ஈரோடு)

ப: இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். பட்டறைக்குப் போவதாக இருந்தாலும் வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கே: என்னுடையது வெள்ளை நிறக் கார், நல்ல நிலையில் உள்ளது. எந்தக் காரின் டில்ட் ஸ்டியரிங் இதற்குப் பொருந்தும்? அவசரம், முன்பணம் கொடுத்துவிட்டேன். (சேலம்)

ப: நிறம் தெரிந்தது. மாடலும் ஆண்டும் தெரியவில்லை. எந்தப் பாகம் என்று தெரியாமல் எதற்கு முன்பணம் கொடுத்தீர்கள் என்பதும் தெரியவில்லை. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் சேசிஸ் எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணை நிறுவனத்தின் உதிரிபாகக் கடையில் கொடுத்தால் உங்கள் காருக்குரிய பாக எண்ணைக் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். முன்பணத்தை முதலில் திரும்பக் கேளுங்கள்.

கே: சென்னையில் ஒரு பழைய பாகக் கடையில் தொலைபேசியில் விசாரித்தேன். காரின் ஆண்டு, ரகம் எல்லாம் சொன்னேன். "அப்படியே உட்காரும், நான் பொறுப்பு" என்று வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியும் அனுப்பினார்கள். 11,500 ரூபாய் யுபிஐ மூலம் அனுப்பினேன். வந்தது வேறு தலைமுறையின் தண்டு. பிராக்கெட் துளைகள்கூட ஒத்துவரவில்லை. "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள். பில் இல்லை. (திருச்சி)

ப: கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பழைய பொருள் என்பதால் சட்டம் கைவிரித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், கடைக்காரர்களும் அப்படியே நம்பவைக்கிறார்கள். உண்மை அதுவல்ல.

எந்தக் காருக்கு என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பயனுக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கும் நிபந்தனை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, விற்பவர் எந்த வகையில் உறுதி சொன்னாரோ அந்தத் தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அதைக் குறையுள்ள பொருள் என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அதே பட்டியலில் வருகிறது. ஆகவே பில் இல்லை என்பது அவருக்குத்தான் பலவீனம்.

குரல் செய்தியை அழித்துவிடாதீர்கள், கைபேசியை மாற்றினாலும் காப்பாற்றி வையுங்கள். யுபிஐ ரசீது, வந்த பாகத்தின் படம், உங்கள் பழைய தண்டோடு பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஆகியவற்றைச் சேருங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு ஓட வேண்டாம், நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை காலம் இருக்கிறது. லாரிக் கூலியையும் மெக்கானிக்குக் கொடுத்த கூலியையும் சேர்த்தே கேளுங்கள். முடிவு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

கே: டில்ட் தண்டு மாட்டியதிலிருந்து கார் தானாக இடப்பக்கம் இழுக்கிறது. மூன்று இடத்தில் வீல் அலைன்மென்ட் செய்துவிட்டேன். (திருநெல்வேலி)

ப: நான்காவது இடம் வேண்டாம், சக்கரத்தில் குற்றமில்லை. உங்களுடையதைப் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் மோட்டார் தண்டின் மேலேயே இருக்கிறது. நீங்கள் எவ்வளவு விசையோடு திருப்புகிறீர்கள் என்று அளக்கும் சென்சாரும் அங்கேதான். புதிய தண்டோடு புதிய சென்சார் வந்துவிட்டது, கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் பழையது என்று நினைக்கிறேன். அந்தச் சென்சாரின் நடுநிலை எது என்று பெட்டிக்குத் தெரியவில்லை. நீங்கள் நேராகப் பிடித்திருக்கும்போதே திருப்புவதாக எண்ணி உதவிக்கு வருகிறது. அந்தக் காரின் ஸ்கேன் கருவி வைத்திருப்பவரிடம் நடுநிலையைப் பதியச் சொல்லுங்கள். பெட்டி ஏற்கவில்லை என்றால் தண்டு வந்த காரின் பெட்டியே வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

கே: நான் குள்ளம், 149 செ.மீ. ஸ்டியரிங் முகத்துக்கு நேராக நிற்கிறது. அடிப்படை ரகத்தில் ஏன் இந்த வசதியைத் தருவதில்லை? வெளியே மாற்றிக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் அம்மா.

டில்ட் ஸ்டியரிங் நேற்று வந்த பொருளில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1963-லேயே விருப்ப வசதியாக விற்றது. ஒரு மூட்டு, ஒரு நெம்புகோல், ஒரு பிராக்கெட், அவ்வளவுதான் சமாச்சாரம். இன்றும் பல நிறுவனங்கள் அதைக் கீழ் ரகத்திலிருந்து எடுத்துவிட்டு, தொடுதிரை, அலாய் சக்கரம், வண்ண விளக்கு இவற்றோடு ஒரே மூட்டையாகக் கட்டி மேல் ரகத்தில் வைக்கின்றன. பாட்டுக் கேட்க ஆசைப்படுபவரும், சாலை தெரியாமல் தவிப்பவரும் ஒரே விலை கொடுக்க வேண்டும். விற்பனையாளரிடம் டில்ட் மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், சீட் உறை காட்டுவார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். நல்லது. ஆனால் ஏர்பேக் மூடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே சுமார் 25 செ.மீ. இடைவெளி வேண்டும், ஸ்டியரிங் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்க வேண்டும். குள்ளமானவர்கள் பெடலை எட்டுவதற்காக சீட்டை முன்னுக்குத் தள்ளி ஏர்பேக்கின் மேலேயே உட்காருகிறார்கள். பையைக் கட்டாயமாக்கிவிட்டு, அதைச் சரியான திசைக்குத் திருப்பும் நெம்புகோலை ஆடம்பரம் என்று விற்கிறோம். சீட்டை உயர்த்தும் வசதியும் அப்படித்தான், முன்னும் பின்னும் நகரும் ஸ்டியரிங் அதற்கும் மேலே. உயரம் என்பது வாங்கும் சக்தியைப் பார்த்து வருவதில்லையே!

உங்கள் காருக்கு வருகிறேன். ஏர்பேக் உள்ள காரில் வெளிப்பட்டறை வேலை வேண்டவே வேண்டாம். சேவை மையத்தில் பாக எண் சொல்லி விலை கேளுங்கள். செய்து தந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் டில்ட் மேலும் கீழும்தான் நகரும், இடைவெளியைக் கூட்டாது. அதனால் அதே மாடலில் சீட் உயர்த்தும் அமைப்பு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தையில் விற்கும் தடித்த மெத்தை வேண்டாம். நான் ஒன்று வாங்கி, பிரேக் போடும்போதெல்லாம் அதோடு சேர்ந்து முன்னே நழுவினேன்.

கே: தண்டு மாற்றிய பிறகு ஹாரன் அடிப்பதில்லை, ஏர்பேக் விளக்கு அணையவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறா? (வேலூர்)

ப: ஒன்றேதான். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின் இணைப்புத் தரும் சுருள் நாடா ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கிறது, அது அறுந்திருக்கிறது. சக்கரத்தை நேராக வைத்து ஸ்டியரிங்கைக் கட்டாமல் கழற்றியிருப்பார்கள். புதியது போட வேண்டும், செலவு மெக்கானிக்குடையது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் கழித்துத்தான் ஏர்பேக்கில் கை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

கே: அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினியைப் புதுப்பிக்கிறேன். டில்ட் தண்டு வைத்தால் எப்படி இருக்கும்? (கோயம்புத்தூர்)

ப: கியர் இல்லாமல் இருக்கும். உங்கள் காரில் கியர் கோலே ஸ்டியரிங் தண்டில்தான் இருக்கிறது. அதைத் தரைக்கு மாற்றப் புறப்பட்டால் கியர்பெட்டி, தரை என்று வேலை வளரும், கடைசியில் பத்மினி மிஞ்சாது. பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. சீட் தண்டவாளத்தைச் சற்றுப் பின்னே நகர்த்துங்கள், போதும்.

கே: மாருதி 800-இல் டில்ட் வைப்பதற்குப் பதில் சிறிய விட்டமுள்ள ஸ்டியரிங் போட்டால் கால் இடிக்காது என்கிறார் நண்பர். (நாகர்கோவில்)

ப: கால் இடிக்காது, தோள் வலிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஸ்டியரிங் வட்டம் சிறுத்தால் திருப்பும் பாரம் கூடும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, சிவப்புத் தையல் போட்டது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: பழைய கார் ஒன்று பார்த்தேன். "டில்ட் ஸ்டியரிங் நாங்களே வைத்தது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். கூடுதலாக 15,000 கேட்கிறார். (கடலூர்)

ப: யார் மாட்டியது, எந்தக் காரின் பாகம், பில் எங்கே என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால், உங்கள் மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் விளக்கடித்துப் பார்க்கட்டும். அப்போதும் கூடுதலாக ஒரு ரூபாய் தர வேண்டாம். பதில் இல்லாவிட்டால் வேறு கார் பாருங்கள்.