விங்கா, நடுவா? தூத்தூரிலிருந்து வந்த தம்பிக்கு

தம்பி, சுற்றி வளைக்காமல் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்ன கிளப்பிலேயே சேருங்கள்.

நீங்கள் கேட்டிருந்தது இது. குமரி மாவட்டம் தூத்தூரிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்து ஏழு மாதம். மகனுக்கு 11 வயது. மே மாத டிரைஅவுட்டில், அதாவது ஆள் எடுக்கும் தேர்வில், இரண்டு கால்பந்து கிளப்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். பெரிய கிளப்பில் ‘ஏ’ டீம், ஆண்டுக்கு 3,200 டாலர். ஆனால் ஆள் சின்னதாக இருப்பதால் விங்கில்தான், அதாவது மைதானத்தின் ஓரத்தில்தான், ஆட வேண்டும் என்கிறார் கோச். ஊர்ப் பெயரில் நடக்கும் சின்ன கிளப்பில் 1,100 டாலர், மூன்றாவது டிவிஷன். அந்தக் கோச் நடுவில் ஆடவிடுகிறேன் என்கிறார். பையனோ ஃபிலடெல்ஃபியா யூனியன் கிளப்பின் இளம் ஆட்டக்காரன் கேவன் சல்லிவனின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவன் போடும் பத்தாம் நம்பர் சட்டைதான் வேண்டும் என்று நிற்கிறான். எச்-1பி விசாவில் வந்திருக்கும் நமக்கு இதில் ஏதாவது வழி உண்டா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். விசா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதுதான் கசப்பான பகுதி.

தூத்தூர், சின்னத்துறை பக்கத்துப் பிள்ளைகள் கடற்கரை மணலில் பந்து விளையாடுவதை நானும் பார்த்து வளர்ந்தவன்தான், எனக்குக் குளச்சல். மணலில் பந்து ஓடாது. காலடியிலேயே நிற்கும். பக்கத்தில் யார் வருகிறான், யாருக்குத் தள்ளலாம் என்று பந்து வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளாவிட்டால் பறிகொடுத்துவிடுவோம். உங்கள் மகனிடம் இருப்பதாக நீங்கள் எழுதிய ‘தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம்’ அங்கிருந்து வந்தது. இங்கே கோச்சுகள் அதைத்தான் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள், பாதிப் பேருக்கு அது வருவதும் இல்லை.

நடுவில் நின்றால் எதிராளி நாலாபுறமும் இருப்பான். விங்கில் ஒரு பக்கம் கோடுதான், அங்கிருந்து எவனும் வரமாட்டான். பாதி மைதானத்தைப் பார்த்தாலே போதும். 11 வயதில் ஒருவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மற்ற பாதியைப் பார்க்கும் பழக்கம் போய்விடும். அதிலும் இது மோசமான நேரம். இங்கே 12 வயதுப் பிரிவு வரைக்கும் ஒன்பது பேர் ஆட்டம். 13 வயதுப் பிரிவிலிருந்து பதினோரு பேர், பெரிய மைதானம். திடீரென்று இடம் இரண்டு மடங்கானது போல இருக்கும். உயரமாக வளர்ந்துவிட்ட பையன்கள் பந்தைத் தூக்கியடித்துவிட்டு ஓடுவார்கள், அதுவே போதும் ஜெயிக்க. குட்டையான நடு ஆட்டக்காரன் அந்த இரண்டு வருடம் காணாமல் போவான். வெளியே நிற்கும் பெற்றோர் ‘அடி, அடி’ என்று கத்துவார்கள். அப்போது பந்தைப் பறிகொடுத்தாலும் பரவாயில்லை, அடுத்த தடவையும் கேட்டு வாங்கு என்று சொல்லும் கோச் இருந்தால்தான் அவன் தப்புவான். அந்தச் சின்ன கிளப் கோச் அப்படிப்பட்டவர் என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது.

நான் செய்தது நேர்மாறு. என் மகனை 12 வயதில் ஒரு பெரிய கிளப்புக்கு மாற்றினேன். பெயர் வேண்டாம். ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வலது பக்க ஃபுல்பேக்காக, அதாவது ஓரத்தில் தடுத்தாடுகிறவனாக, நிறுத்தினார்கள். டெலவேர், மேரிலாந்து, நியூ ஜெர்ஸி என்று வாரக் கடைசிகளில் ஹோட்டலில் தங்கி டோர்னமென்ட் போனோம். கட்டணத்தைவிட அந்த ஹோட்டல் செலவுதான் அதிகம், அதை எந்தக் கிளப்பும் முன்கூட்டிச் சொல்லாது, நீங்கள் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடம் ஓடியது. சாயங்காலம் எங்கள் கராஜ் கதவில் டம் டம் என்று பந்தை அடித்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, ஆபீஸ் கால் பேச முடிகிறதே என்று. ஆறு மாதம் கழித்து அவனாகவே வந்து போதும்பா என்றான்.

இனி சல்லிவன் கதைக்கு வருவோம். அவன் நமக்குப் பக்கத்து ஊர்ப் பையன், நாரிஸ்டவுன் பக்கம். 2009 செப்டம்பரில் பிறந்தவன். அம்மா வழியில் ஜெர்மனியும் வங்கதேசமும் சேர்ந்த இரத்தம். உங்கள் மகனுக்கு அவன் முகம் சொந்தக்காரன் மாதிரித் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் வீடியோவில் தெரியாத ஒன்றைப் பாருங்கள். தாத்தா வில்லனோவா பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாக இருந்தவர். அப்பாவும் ஆடியவர், கோச். நான்கு ஆண்பிள்ளைகளில் இவன் கடைக்குட்டி. மூத்தவன் க்வின் ஏற்கெனவே ஃபிலடெல்ஃபியா யூனியன் அணியில். மூன்று அண்ணன்களிடம் பந்தைக் கொடுக்காமல் காப்பாற்றிக் காப்பாற்றி வளர்ந்தவனுக்கு எந்தப் பெரிய கிளப் தேவைப்பட்டது? பிறகுதான் யூனியனின் அகாடமி, அதோடு சேர்ந்த ஒய்எஸ்சி பள்ளிக்கூடம் எல்லாம். அங்கே பயிற்சியை நடுவில் வைத்துத்தான் வகுப்புகளை அமைப்பார்கள். எம்எல்எஸ் என்கிற அமெரிக்க முதன்மை லீகின் கிளப்களுடைய அகாடமிகளில் பெரும்பாலும் ஆடுவதற்குக் கட்டணம் கிடையாது. நாம் 3,200 டாலர் கட்டி நிற்கும் வரிசை வேறு, அது வேறு.

2024 ஜூலை 17 அன்று யூனியனின் சொந்த மைதானமான செஸ்டர் ஸ்டேடியத்தில் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக யூனியன் 5-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் 85-வது நிமிடம் அவனை இறக்கினார்கள். வயது 14 வருடம் 293 நாள். எம்எல்எஸ்ஸில் ஆடிய மிக இளையவன் என்ற ஃப்ரெடி அடூவின் இருபது வருடச் சாதனையை 13 நாள் வித்தியாசத்தில் முறியடித்தான். 18 வயதானதும் மான்செஸ்டர் சிட்டிக்குப் போவதாக அதற்கு இரண்டு மாதம் முன்பே ஒப்பந்தம். அன்று ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குழு முழுக்க அதே பேச்சு. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த சீசனில் பெரும்பாலும் அவனை இரண்டாம் அணியில், எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோ என்கிற கீழ்த்தட்டு லீகில்தான் ஆடவிட்டார்கள். கூட்டம் இல்லாத மைதானம், ஆனால் முழு ஆட்டம், நடு இடம், தப்பு செய்ய அனுமதி.

அடூவுக்கு அது கிடைக்கவில்லை. கானா நாட்டின் தேமா துறைமுக ஊரில் 1989-ல் பிறந்த பையன். குடும்பத்துக்கு கிரீன் கார்டு லாட்டரி விழுந்து எட்டு வயதில் மேரிலாந்துக்கு வந்தான். நம்மைப் போல வந்தேறிக் குடும்பம் என்பதால் எனக்கு அவன் மேல் ஒரு தனிப் பிரியம். 2004-ல் வாஷிங்டனின் டி.சி. யுனைடெட் கிளப், புது ஆட்டக்காரர்களைக் கிளப்கள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில் அவனை முதல் ஆளாக எடுத்தது. பெலேயோடு சேர்ந்து குளிர்பான விளம்பரம். நாடே அடுத்த பெலே என்றது. திறமை பொய் இல்லை. 2007-ல் கனடாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்குத் தலைமை தாங்கி போலந்துக்கு எதிராக மூன்று கோல் போட்டான், பிரேசிலையும் தோற்கடித்தார்கள். ஆனால் 14 வயதிலேயே பெரியவர்கள் நடுவே, டிக்கெட் விற்கிற முகமாகவும் இருந்துகொண்டு, பெஞ்சிலும் உட்கார்ந்து, பல சமயம் ஓரத்தில் நிறுத்தப்பட்டு ஆடியவன். பிறகு போர்ச்சுகல், பிரான்ஸ், கிரீஸ், துருக்கி என்று கிளப் கிளப்பாக மாறினான். 2011-ல் இதே யூனியனுக்கும் வந்தான். நான் செஸ்டருக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். பந்து காலில் இருக்கும்போது அவன் அழகே தனி. பந்து இல்லாதபோது என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை. சின்ன வயதில் யாரும் அதைக் கற்றுக்கொடுக்க அவசரப்படவில்லை போலும்.

இந்த இடத்தில் ப்ரெண்டன் ஆரன்சனை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள், சல்லிவனைவிட இவன்தான் அவனுக்குப் பாடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்ஸியில் மெட்ஃபோர்டு. ஒல்லிக்குச்சி. அப்பா நடத்திய கிளப்பில் தொடங்கி யூனியன் அகாடமிக்கு வந்தான். நேராக முதல் அணிக்கு வராமல் பெத்லஹேம் ஸ்டீல் என்ற இரண்டாம் அணியில் ஆடினான். இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தவன் மனம் மாறி யூனியனிலேயே கையெழுத்துப் போட்டான். 2019 மார்ச்சில் அட்லாண்டாவுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல். 2021 ஜனவரியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப், அடுத்த வருடம் இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப். எப்படி? பத்தாம் இடத்தில் நின்றுகொண்டு எதிரணியின் முதல் பாஸையே துரத்தித் துரத்திக் கெடுப்பான். இப்போதெல்லாம் நடு ஆட்டக்காரனுக்கு வேலை பந்து பறிபோன அந்த நொடியிலிருந்தே தொடங்குகிறது. நின்ற இடத்தில் நின்று அழகாகப் பாஸ் கொடுக்கிறவனுக்கு இங்கே டீமில் இடமில்லை. சின்ன கிளப்பில் சேர்த்த பிறகு கோச்சிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே உதவி இதுதான்: பந்தைப் பறிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அமெரிக்க அணியின் நட்சத்திரம் கிறிஸ்டியன் புலிசிக் விங்கர்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சிறுவர் அணிகளில் நடுவில் ஆடிப் பழகிவிட்டுத்தான் அவர் ஓரத்துக்குப் போனார். அவருடைய ஊர் ஹெர்ஷி இங்கிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரக் கார் தூரம்தான். ஏழு வயதில் அம்மாவின் ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தால் ஒரு வருடம் இங்கிலாந்துக் கிராமத்தில் இருந்தார். பந்துப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். அப்பா உள்ளரங்கு சாக்கர் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். நீங்களும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பையனை ஃபுட்சால் என்கிற உள்ளரங்கச் சின்னக் கால்பந்தில் விடுங்கள். சின்னப் பந்து, குதிக்காது, இடமும் இல்லை. உங்கள் ஊர் மணல் மாதிரியே இருக்கும்.

புலிசிக் கதையில் நமக்கு முக்கியமானது காகிதம். 18 வயதுக்குள் ஒரு பையன் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா விதி தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதில் விலக்கு உண்டு. அவருடைய தாத்தா குரோஷியாவின் ஓலிப் தீவுக்காரர். அந்தக் குரோஷிய பாஸ்போர்ட்டால்தான் 16 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்காக ஆட முடிந்தது, 17-ல் முதல் அணி. அதே திறமையுள்ள, பாஸ்போர்ட் இல்லாத பையன் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் நிலைமை அதைவிடச் சிக்கல். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி-காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், கிளப்பில் ஆடலாம், டிரைஅவுட் போகலாம், பள்ளி அணியில் சேரலாம். சம்பளம் வாங்கும் ஒப்பந்தம் போட முடியாது, அது வேலை. என் மகன் ஆட்டத்தை விட்ட பிறகு நடுவர் பயிற்சி முடித்தான், அவன் நண்பர்கள் சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதிக் காசு பார்த்தார்கள். இவன் கிரீன் கார்டு வரும்வரை அந்தக் காசைக்கூடத் தொடவில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். 21 வயதில் பையன் உங்கள் விசாவிலிருந்து வெளியே போய்விடுவான். அமெரிக்க தேசிய அணிக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை வாங்கினால் இந்திய அணிக்கு ஆட முடியாது, அங்கே இந்திய பாஸ்போர்ட் கட்டாயம். இதையெல்லாம் இப்போது பையனிடம் சொல்லாதீர்கள். ஆனால் உங்கள் வக்கீலிடம் பேசும்போது அவன் வயதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள். ஊரில் ஏதாவது கிளப்பில் பதிவு செய்திருந்தால் அதையும் இங்கே மறைக்காமல் சொல்லுங்கள். 10 வயதுக்கு மேல் நாடு மாறினால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தேவைப்படலாம். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், உங்கள் ஐ-94 என்கிற நுழைவுப் பதிவு எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று பெரிய கிளப்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மிக நீண்ட காலம் கல்லூரிகளின் முதல் டிவிஷன் ஆண்கள் சாக்கர் அணி முழுமைக்கும் 9.9 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் காசு. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது விதி மாறியிருக்கிறது, ஆனாலும் அதை நம்பி இன்று 3,200 கட்டாதீர்கள். கணக்குப் பாடத்துக்கு அதைவிட எளிதாகக் காசு கிடைக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: தலையால் முட்டுவது 10 வயது வரை இங்கே தடை, இனிமேல் பயிற்சியில் அளவோடு அனுமதிப்பார்கள், பயப்படாதீர்கள். 2026-27 சீசனிலிருந்து பல அமைப்புகளில் வயதுப் பிரிவு ஜனவரி 1-க்குப் பதில் ஆகஸ்ட் 1 கணக்கு. பையன் பிறந்த மாதத்தைப் பார்த்து அவன் எந்தப் பிரிவில் விழுவான் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் சின்னவன் என்பதால் கீழ்ப் பிரிவில் விழுந்தால் நல்லதே.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாரிஸ்டவுனில் ஒரு பூங்காவில் மெக்சிகோக் குடும்பங்கள் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. கோச் இல்லை, கட்டணம் இல்லை, மாமனும் மருமகனும் ஒரே டீமில். ஸ்பானிஷ் தெரியாமலே நான் எட்டு வருடமாகப் போகிறேன். பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நடுவில் விடச் சொல்கிறேன். ஷின் கார்டு கட்டாயம், தரை கட்டாந்தரை. இப்போது கீப்பருக்கு ஆள் இல்லை, நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.