முதல் தடவையே ‘சரி’ என்று சொல்

கேள்வி: அக்கா, நான் விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூர்க்காரி. இந்த அக்டோபரில்தான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் விடுமுறை. ஊருக்கு வந்துபோகப் பணமில்லை, பிப்ரவரியில் பரீட்சை வேறு. விடுதியில் எங்கள் மாடியில் எட்டு அறை. ஆறு பேர் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். செய்முறை வகுப்பில் எனக்கு ஜோடியாக இருக்கும் ஜெர்மன் தோழி, “24ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வா” என்று நவம்பரில் கூப்பிட்டாள். அவள் வீடு அன்னாபெர்க் பக்கம், மலைப்பகுதி. நான் சைவம். அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று “பரவாயில்லை, வேண்டாம்” என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒப்புக்குத்தான் கூப்பிட்டாளோ? இப்போது நானே வாய்விட்டுக் கேட்டால் அசிங்கமாக இருக்காதா? பேசாமல் அந்த நாட்களில் பார்சல் கிடங்கு வேலைக்குப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. அம்மா தினமும் போனில் அழுகிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டிரெஸ்டன்

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய். நானும் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் தோழி ஒப்புக்குக் கூப்பிடவில்லை. அந்த நாட்டில் 24ஆம் தேதி மாலை எப்படிப்பட்ட பொழுது என்று தெரிந்தால் உனக்கே இது புரியும். ஹைலிகாபென்ட் என்பார்கள். நம் தீபாவளியில் தெருவே வாசலுக்கு வந்துவிடும், பலகாரத் தட்டு வீடு வீடாகப் போகும். அங்கே அன்று மாலை குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும். மதியம் 2 மணிக்கே கடைகளை மூடிவிடுவார்கள். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தெருவில் ஆள் இருக்காது. அதுவரை சந்தையும் கூட்டமுமாக இருந்த ஊர் ஒரே நாளில் இப்படி அடங்கிப்போவதைப் பார்த்து, நம்மை எல்லாரும் வெளியே தள்ளிவிட்டார்கள் என்று வெளியூர் மாணவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மாலைக்கு வெளியாள் ஒருத்தரைக் கூப்பிட வேண்டுமென்றால், அந்தப் பெண் முதலில் தன் அம்மா அப்பாவிடம் பேசியிருப்பாள். படுக்க இடம், சாப்பாடு எல்லாம் யோசித்திருப்பாள்.

அப்புறம் ஏன் மறுபடி கேட்கவில்லை? நீ வேண்டாம் என்றாய், அதனால்தான். நம் ஊரில் விருந்துக்குக் கூப்பிட்டால் முதலில் “எதுக்கு, வேணாம்” என்போம். கூப்பிட்டவர் விடமாட்டார். மூன்றாவது தடவைதான் சரி என்போம். இலையில் கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி விழும். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டால் அது நச்சரிப்பு, எதிராளியின் சொல்லை மதிக்காத செயல். அவள் உன் பேச்சை மதித்தாள். நீயோ அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொண்டு இத்தனை நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறாய்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லைப்சிக்கில் படித்த முதல் ஆண்டு இதே மாதிரி ஓர் அழைப்பை இதே மாதிரி மறுத்தேன். 24ஆம் தேதி மூன்று மணிக்கு மாவு வாங்கப் போனால் கடை பூட்டியிருக்கிறது. ரயில் நிலையத்துக் கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். எதிர்க் கட்டடத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு. அன்று அழுத அழுகை இன்றும் நினைவிருக்கிறது. கூப்பிட்ட தோழியிடம் ஐந்தாறு வருடம் கழித்து இதைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. “நீ வேண்டாம் என்றாயே, உனக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும் என்றல்லவா நினைத்தேன்” என்றாள். இரண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் மதிக்கத்தான் பார்த்தோம்.

அதனால் இதைப் படித்து முடித்ததும் அவளுக்கு எழுது. சுற்றி வளைக்காதே. “நவம்பரில் நீ கூப்பிட்டபோது வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் முதல் தடவை மறுப்பது மரியாதை. உண்மையில் எனக்கு வர ஆசைதான். இன்னும் வரலாமா? முடியாது என்றாலும் நேராகச் சொல். நான் இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன்.” இவ்வளவு போதும். முட்டை சாப்பிடுவாயா மாட்டாயா என்பதையும் சேர்த்துவிடு. சைவம் என்று சொல்வது அங்கே யாருக்கும் சுமையில்லை. சொல்லாமல் போய் மேசையில் உட்கார்ந்து விழிப்பதுதான் அவர்களைச் சங்கடப்படுத்தும். ஒருவேளை அவள் “பாட்டி வருகிறார், இந்தத் தடவை இடமில்லை” என்றால், பாட்டி வருகிறார், இடமில்லை என்றுதான் பொருள். அதற்குள் வேறொன்றைத் தேடாதே.

சரி, போகக் கிடைத்தால் நீ எங்கே போகிறாய் தெரியுமா? ஜெர்மனியிலேயே கிறிஸ்துமஸை ஊன்றிக் கொண்டாடும் ஊர்ப்பக்கம் அது. எர்ட்ஸ்கெபிர்கெ என்று அதற்குப் பெயர், தாது மலை என்று பொருள். நூற்றாண்டுகளாக வெள்ளியும் தகரமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளிகளின் பூமி. குளிர்காலத்தில் இருட்டில் சுரங்கத்துக்குள் இறங்கி இருட்டிலேயே ஏறி வந்தவர்களுக்கு வெளிச்சத்தின் மேல் இருந்த ஏக்கம்தான் ஜன்னல் விளக்குகளாக நின்றுவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வளைந்த மரச்சட்டத்தின் மேல் வரிசையாக விளக்குகள், அதை ஷ்விபோகன் என்பார்கள், அனேகமாக எல்லா ஜன்னலிலும் இருக்கும். மெழுகுவர்த்திச் சூட்டில் தானே சுற்றும் மரக் கோபுரம், வாயால் சாம்பிராணிப் புகை விடும் மரப் பொம்மை எல்லாம் பார்ப்பாய். அந்தப் புகை வாசத்தில் உனக்கு வீட்டு வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும்.

சாப்பாட்டைப் பற்றி நீ இவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டாம். ஜெர்மனியில் மற்ற இடங்களில் அன்று இரவு உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான் மிகவும் வழக்கம். இந்த மலைப்பகுதியில் பழைய முறையை விடாத வீடுகளில் நைனர்லா வைப்பார்கள், ஒன்பது வகைச் சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. பருப்பு சாப்பிட்டால் சில்லறைக்குக் குறை வராது, உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டால் பெரிய பணம் சேரும் என்பார்கள். தட்டுக்கு அடியில் காசு வைக்கிற வீடும் உண்டு. ஒன்பதில் வாத்தும் சாசேஜும் போக, பருப்பு, உருண்டை, பீட்ரூட், பாலில் ஊறிய ரொட்டி என்று உனக்கும் நிறைய இருக்கும். புளித்த முட்டைக்கோஸை மட்டும் கேட்டுக்கொண்டு எடு, பன்றிக் கொழுப்பில் தாளிப்பது உண்டு. ஸ்டோலன் கேக்கின் திராட்சையைப் பெரும்பாலும் ரம்மில் ஊறவைத்திருப்பார்கள். மது வேண்டாம் என்றால் அதையும் விட்டுவிடு. குளூவைனுக்கு, அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினுக்குப் பதில் கிண்டர்புன்ஷ் கேள், அதே மசாலா வாசம், மது கிடையாது.

நான்கு மணி என்றால் நான்கு மணிக்குப் போ. செருப்பை வாசலில் கழற்றிவிடு, நமக்குப் பழகியதுதான். தோழியின் பெற்றோரை, அவர்களாக ‘நீ’ என்று பேசச் சொல்கிறவரை ‘ஸீ’ என்றே சொல், அதுதான் அவர்கள் மொழியில் ‘நீங்கள்’. சொன்ன பிறகு தயங்காமல் பெயரைச் சொல்லியே கூப்பிடு. நம் நாக்குக்கு அது வரவே வராது, ஆனால் அதை அவர்கள் உரிமையாகத் தருகிறார்கள். பரிசுகளை 24 மாலையிலேயே பிரித்துவிடுவார்கள். உனக்கும் ஒன்று வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போ. விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்குமல்லிப் பொடி இருந்தால் கொண்டுபோய் 25ஆம் தேதி காலையில் நீயே போட்டுக் கொடு. சர்ச்சுக்குக் கிளம்பினால், மனம் ஒப்பினால் கூடப் போ. ஒப்பவில்லையென்றால் வீட்டில் இருக்கிறேன் என்று சொல், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மேசையில் பேச்சு நின்றுபோனால் சொல்ல உன்னிடம் ஒரு கதை இருக்கிறது. டிரெஸ்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் புல்ஸ்நிட்ஸ் என்று ஓர் ஊர். 1558 முதல் இஞ்சி ரொட்டி சுடும் உரிமை பெற்ற ஊர். ஃபெஃபர்கூகன், அதாவது மிளகு கேக் என்று பெயர். மிளகு என்ற சொல்லை அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த மசாலா எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொன்னார்கள். அந்த ஊரில் 1682இல் பிறந்தவர்தான் சீகன்பால்க். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்று, தமிழிலேயே அச்சுப் புத்தகம் போட்டவர். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரத்தில் அச்சானது. மாணவர் பயணச் சீட்டான உன் செமஸ்டர் டிக்கெட்டே அந்த ஊருக்குப் போதும். விடுமுறை தொடங்கியதும், 24க்கு முன்னால் ஒரு நாள் போய்வா. திரும்பும்போது ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்.

போக முடியாமல் போனால்? அதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். இந்த ஆண்டு, 2026இல், 24 வியாழக்கிழமை. 25, 26 அரசு விடுமுறை, 27 ஞாயிறு. முழுதாக மூன்று நாள் கடை இல்லை. 23ஆம் தேதிக்குள் அரிசி, பருப்பு, பால், காய்கறி வாங்கிவிடு. மென்ஸாவை, அதான் பல்கலைக்கழக உணவகத்தை, நம்பாதே, விடுமுறையில் மூடிவிடுவார்கள். உங்கள் மாடியில் எட்டில் ஆறு பேர் போகிறார்கள் என்றாய். அப்படியானால் உன்னைத் தவிர இன்னொருவர் இருக்கிறார். அவர் யார் என்று நீ எழுதவே இல்லை. போய்க் கதவைத் தட்டு. இரண்டு பேர் சேர்ந்து சமைத்தால் அது ஒரு விருந்து. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர் சபைகள் டிரெஸ்டனில் இருக்கின்றன, எந்த மதத்தவரும் போகலாம். 24 மாலைக்கு அங்கே ஏதாவது கூடுகை உண்டா என்று இந்த வாரமே கேட்டு வை, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேள்.

காய்ச்சல் வந்தால் டாக்டர்கள் விடுமுறையில் இருப்பார்கள். 116117க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. பூட்டிய மருந்துக்கடையின் கதவிலேயே அன்று திறந்திருக்கும் கடை எது என்று எழுதியிருக்கும். மனம் தாங்காமல் போனால் 0800 1110111 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். எண்ணைப் போனில் சேமித்து வை, தேவைப்பட்டால் கூச்சப்படாதே.

வேலைக்குப் போவதில் தப்பில்லை. உன் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆனால் பணத்துக்காகப் போ. அந்த மூன்று நாளிலிருந்து தப்பிக்கப் போகாதே. 28க்குப் பிறகு நாலைந்து நாள் போனாலும் போதும். மீதிக் காலை நேரங்களைப் படிப்புக்கு வைத்துக்கொள். எட்டு மணிக்குத்தான் விடியும், நாலு மணிக்கு இருட்டும் என்பதால் பகலில் ஒரு மணி நேரமாவது வெளியே நட. 31ஆம் தேதி நள்ளிரவில் ஊரே வெடி வெடிக்கும். அன்று ஒரு நாள் உனக்கு நம் தீபாவளி மாதிரியே இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று பார்.

அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது ஹீட்டரை அடியோடு அணைக்காதே, பனிச்செதில் (நட்சத்திரம் மாதிரி இருக்கும்) குறி போட்ட இடத்தில் வை. ஜன்னலைச் சாத்து.

அம்மா அழுவது உனக்கு விருந்து இல்லை என்பதற்காக இல்லை. நீ அந்த இருட்டில் ஒற்றையாய் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் அவர் மனதில் ஓடுகிறது. தினமும் ராத்திரியில், நீ சோர்ந்திருக்கும் நேரத்தில் பேசினால் அந்தப் படம் மாறாது. பகலில் வெளிச்சமாக இருக்கும்போது வீடியோவில் பேசு, பனி விழுந்த தெருவைக் காட்டு. 24 அன்று அங்கே மாலை நாலு மணி என்றால் ஊரில் எட்டரை. அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார். ஜன்னல் விளக்குகள் எரியத் தொடங்கியதும் கூப்பிட்டு, அந்த வீட்டு அம்மாவையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு வணக்கம் சொல்லவை.