கதைகளில் வரும் மூடிய மில் மட்டும் எப்படி ஆளில்லாமல், கதவு திறந்தே கிடக்கிறது?

கேள்வி கேட்டவர் ஒரு க்ரைம் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். கடத்தப்பட்ட பெண்ணை ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் பஞ்சாலையில் வைத்திருக்கிறார்கள். படித்த நண்பர்கள் "சினிமா மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார்களாம். நம்பும்படி மாற்றுவது எப்படி என்று கேட்கிறார். அநேகமாக உங்களுக்கு இது முதல் நாவல், மூடிய மில் ஒன்றை ரோட்டிலிருந்து மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நண்பர்கள் சொன்னது சரிதான். பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடியது. அதற்குப் பிறகு அதன் கொட்டகைகளில் எத்தனையோ படப்பிடிப்புகள் நடந்திருக்கின்றன. நம் மனதில் பதிந்திருக்கும் 'பாழடைந்த மில்' பெரும்பாலும் அப்படிப் படப்பிடிப்புக்காகப் பெருக்கி வைத்த மில்தான். சுத்தமான தரை, நடுவில் ஒற்றை நாற்காலி, தலைக்கு மேல் ஆடும் பல்பு, மூலையில் புகை. வாடகைக்கு எடுத்த இடம் அப்படித்தான் இருக்கும். கைவிடப்பட்ட இடம் அப்படி இருக்காது.

சில பேர் உடனே "கதைதானே, இவ்வளவு நோண்டணுமா?" என்று கேட்பார்கள். காலிக் கட்டிடத்தைக் கதையில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாட்சி இல்லாமல் போவது, சத்தம் வெளியே கேட்காமல் இருப்பது, உதவி வர நேரமாவது எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் எழுதுகிறவர்கள் அங்கே போகிறார்கள். அது நியாயமான தேவை. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கட்டிடம் ஏன் மூடியது, எப்போது மூடியது, சாவி யாரிடம் இருக்கிறது: இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வாசகருக்கு மூன்றையும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், வர்ணனை தானாகத் திருந்தும்.

முதலில் சாவி. நம் ஊரில் ஏக்கர் கணக்கில் நிலமும் சுவரும் உள்ள எதுவும் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தில் ஒருவர் உரிமையாளருக்கு எதிராக 12 வருடம் தொடர்ந்து, வெளிப்படையாகத் தன் வசம் வைத்து அனுபவித்துவிட்டால், உரிமையாளர் வழக்குப் போட்டு மீட்கும் வாய்ப்பை இழக்கலாம். அந்தப் பயத்திலேயே உரிமையாளர்கள் யாரையாவது உட்கார வைப்பார்கள். பங்காளிச் சண்டை என்றால் கோர்ட்டில் 'உள்ளது உள்ளபடி' உத்தரவு (வழக்கு முடியும்வரை யாரும் எதையும் மாற்றக் கூடாது என்பது) இருக்கும்; ஒருவர் பூட்டின் மேல் இன்னொருவர் பூட்டுத் தொங்கும், இரண்டு தரப்பும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வங்கிக் கடன் என்றால், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கையில் எடுக்க வழி செய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் போயிருக்கும். பிறகு சுவாதீன அறிவிப்பை, அதாவது சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்ற நோட்டீஸை, சுவரில் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் போட்டிருப்பார்கள், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகை. கம்பெனி கலைப்பில் இருந்தால் லிக்விடேட்டரின் (கம்பெனிச் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுபவர்) சீல். பூட்டின் மேல் துணி சுற்றி, முடிச்சில் அரக்கு ஊற்றி, முத்திரை குத்தியிருக்கும். மழையில் துணி கறுத்துப்போகும், அரக்கில் கீறல் விழும், ஆனால் அதை உடைத்தால் உடைத்தது தெரியும். வாசலில் ஏஜென்சி செக்யூரிட்டி ஒருவர், 12 மணி நேர டூட்டி, ஒரு ரெஜிஸ்டர், ஒரு டார்ச்.

இவை எல்லாம் உங்கள் வில்லனுக்குத் தடை என்று நினைக்காதீர்கள். கதையே இங்கேதான் இருக்கிறது. அரக்கு உடையாமல் உள்ளே போயிருக்கிறான் என்றால் வேறு வழி தெரிந்தவன். செக்யூரிட்டி கண்டுகொள்ளவில்லை என்றால் அவருக்கு ஏதோ கட்டாயம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் சுவரில் பாதி கிழிந்த வங்கி நோட்டீஸைப் படித்தாலே கடன் வாங்கியவர் பெயர் கிடைத்துவிடும். துப்புத் துலக்க ஒரு முழு அத்தியாயம் இலவசமாக வருகிறது.

அடுத்து, எப்போது மூடியது. எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 'பல வருடங்களாக மூடிக்கிடந்த' என்று எழுதிவிட்டு, ஒரே அறையில் இரண்டு மாதத் தூசியையும் முப்பது வருட ஆலமரத்தையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள்.

மின்சாரம் முதலில் போகும். பில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், பிறகு மீட்டரையும் கழற்றிக்கொண்டு போவார்கள். ஆகவே ஆடும் பல்பு கிடையாது. வெளிச்சம் வேண்டும் என்றால் ஜெனரேட்டர் (சத்தம் காட்டிக்கொடுக்கும்), எமர்ஜென்சி லைட் (சில மணி நேரத்தில் மங்கும்), அல்லது தெருக் கம்பத்தில் கொக்கி. கொக்கி போட்டால் லைன்மேன் கண்ணில் பட்டே தீரும்.

திருட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. செம்பு ஒயர், மோட்டார், பித்தளைக் குழாய் முதலில். பிறகு ஜன்னல் கம்பி. பிறகு தேக்குக் கதவு, நிலை. கடைசியில் கேஸ் கட்டர் கொண்டுவந்து இரும்புச் சட்டத்தையே அறுப்பார்கள். எல்லாம் காயலான் கடைக்குப் போகும். எனவே பத்து வருடம் மூடிய மில்லில் கதாநாயகன் ஸ்பின்னிங் மெஷின்களுக்குப் பின்னால் ஒளிய முடியாது. மெஷின் ஏலத்தில் போயிருக்கும். மிஞ்சியிருப்பது தரையில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டுகள். இருட்டில் ஓடுகிறவன் இடறி விழுவது அதில்தான், வாசலில் கிடக்கும் கட்டையில் இல்லை.

ஸ்பின்னிங் ஹாலின் தரைக்கடியில் இன்னொன்று இருக்கிறது. நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். அதற்காக ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் வைத்திருப்பார்கள். ஹாலின் காற்றை இழுத்துக்கொண்டு போகத் தரைக்கடியில் கால்வாய் போல டிரென்ச் ஓடும். மேலே இரும்புக் கிராதி மூடி. மூடி இரும்பு என்பதால் அதுவும் சீக்கிரமே திருடு போகும். அப்புறம் ஹால் முழுக்கத் திறந்த பள்ளங்கள், உள்ளே மழைத்தண்ணீர், மக்கிய பஞ்சு. ஒருவர் குனிந்து போகும் அளவுக்கு இருக்கும் பெரிய டிரென்ச்சுகள் ஹாலிலிருந்து பிளான்ட் அறைக்குப் போய்ச் சேரும். உங்கள் கதைப் பெண் தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. மில்லில் வேலை பார்த்த ஒருவருக்கு மட்டுமே அது தெரிந்திருக்கும் என்பது கூடுதல் லாபம்.

கூரையில் துரத்தல் வைக்கிறீர்களா? பழைய மில்களுக்கு ரம்பப் பல் மாதிரி சரிவுக் கூரை இருக்கும். கண்ணாடிப் பக்கம் வடக்கு பார்த்திருக்கும், நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வர. இரண்டு பற்களுக்கு நடுவில் மழைநீர்க் கால்வாய். இலை அடைத்து ஒழுகத் தொடங்குவது அங்கேதான். அதனால் தரையில் தூண் வரிசையை ஒட்டி வரிவரியாக ஈரமும் பாசியும், இடையில் காய்ந்த தரையும் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் ஷீட் உடைந்து ஆள் கீழே வந்துவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் போல்ட் வரிசைமேல்தான் நடப்பார்கள், அடியில் சட்டம் இருக்கும் இடம் அது. துரத்துகிறவன் ஷீட்டின் நடுவில் ஓட, தப்பிக்கிறவள் போல்ட் வரிசையைப் பிடித்துப் போனால், சண்டையே இல்லாமல் காட்சி முடிந்துவிடும்.

மில்லுக்குப் பதில் பழைய பங்களா என்றால், அதன் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற பழைய பாணிக் கூரை எப்படிச் சாயும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெருக்கமாகப் போட்ட தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மெல்லிய செங்கல், மேலே செங்கல் ஜல்லிக் காரை, அதற்கு மேல் தட்டையான ஓடு. தண்ணீர் இறங்கினால் உத்தரம் நடுவில் உளுக்கும் முன், சுவருக்குள் சொருகிய முனையில் உளுக்கும், ஈரம் காயாமல் நிற்பது அங்கே. ஆகவே சுவரோரம் பாதுகாப்பு என்று ஒதுங்கி நிற்கிறவர் தலையில்தான் கூரை இறங்கும். கான்கிரீட் என்றால் கம்பி துருப்பிடித்து உப்பி, அடிப்பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடும்.

செடிகொடி, ஜீவராசி பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசும் ஆலும் பறவை எச்சத்தில் வந்து கைப்பிடிச்சுவர் வெடிப்பில் முளைக்கும், மொட்டைத் தரையில் அல்ல. வளாகம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டும். அதன் முள் செருப்பையும் துளைக்கும், வெறுங்காலில் ஓடும் காட்சியை எடுத்துவிடுங்கள். ஒட்டடை எல்லா அறையிலும் தொங்காது. பூச்சி வந்தால்தான் சிலந்தி வரும். ஜன்னல் உடைந்த பக்கம் அடர்த்தியாகவும், இறுகப் பூட்டிய அறையில் கொஞ்சமாகவும் இருக்கும். வௌவால் கூட்டம் இருந்தால் மூத்திர நெடி கண்ணை எரிக்கும், அங்கே நின்று வில்லன் இரண்டு பக்க வசனம் பேச முடியாது. சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் மலைத்தேனீ கூடு கட்டும். கீழே யாராவது தீ மூட்டிப் புகை போனால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

ஆட்களும் இருப்பார்கள். ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்கும் அம்மா, கிரிக்கெட் ஆடும் பையன்கள், சீட்டாட்டம், சாயங்காலம் பாட்டிலோடு வருகிறவர்கள். 'ஊரே கைவிட்ட இடம்' என்று உலகம் நினைக்கும் இடங்களிலும் இதே கதைதான். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவு புயல் அழித்தது, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு இடிந்த தேவாலயத்தைச் சுற்றிப் பகல் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியது. பம்பு நின்றதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. ஆனால் மேலே லைன் வீடுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. உக்ரைனின் பிரிப்யாத்? செர்னோபில் விபத்துக்கு மறுநாள், 1986 ஏப்ரல் 27இல், கிட்டத்தட்ட 50,000 பேரை ஒரே நாளில் வெளியேற்றினார்கள். அந்த ஊரின் நீச்சல் குளத்தில்கூட, அணுமின் நிலையப் பகுதியில் வேலை பார்த்தவர்கள் 90களின் பிற்பகுதி வரை நீந்திக்கொண்டிருந்தார்கள். கடைசி உலை 2000 டிசம்பர் வரை ஓடியது.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், மன்னிக்கவும். நம் கதைகளின் மூடிய மில்லில் பேய் வருகிறது, ரவுடி வருகிறான், ஆனால் அங்கே வேலை பார்த்தவர் ஒருவர்கூட வருவதில்லை. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. பெரும்பாலானவை மறுபடி ஓடவே இல்லை. மூடிய மில்லின் வாசலுக்கு எதிரே யூனியன் கொடிக்கம்பம் இருக்கும், டீக்கடை இருக்கும், பழைய ஷிப்ட் நேரத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஆட்கள் இருப்பார்கள். 2016ஆம் ஆண்டு திவால் சட்டம், கலைப்பு தொடங்கும் முன்னான 24 மாத நிலுவையைப் பொறுத்தவரை தொழிலாளியை அடமானம் வைத்துக்கொண்ட வங்கிக்குச் சமமான வரிசையில் வைக்கிறது. சட்டத்தில் சமம்தான். ஆனால் நிலம் விற்று, வழக்கு முடிந்து, பணம் கைக்கு வருவதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், வாரிசு சான்றிதழோடு பிள்ளைகள் அலைகிறார்கள். இருபது வருடம் கார்டிங்கில் (பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் பிரிவு) நின்று பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கியவருக்கு அந்தக் கட்டிடம் 'அமானுஷ்யம்' இல்லை. அவருக்கு வரவேண்டிய பாக்கி அது. இதை எழுதாமல் கூரையில் வௌவாலை மட்டும் எழுதுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

பேய்க்கதைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கப்போகிறவர்களுக்கு: பேய்க்கதைக்குத்தான் இன்னும் அதிகமாக வேண்டும். பூட்டில் அரக்கு உடையவில்லை, செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் பெயர் இல்லை, மீட்டர் கழற்றி எட்டு வருடம் ஆகிறது, ஆனால் மில் சங்கு ஊதியது என்று எழுதினால் பயம் வரும். முதலிலேயே பல்பு எரிந்துகொண்டிருந்தால் சங்கு ஊதினாலும் ஒன்றும் ஆகாது.

உங்கள் நாவலுக்கு என் யோசனை: மூடி ஆறேழு வருடம் என்று வையுங்கள். மெஷின் போயிருக்கும், கூரை இருக்கும், மரம் இன்னும் சுவரைப் பிளந்திருக்காது. கேஸ் லிக்விடேட்டரிடம். செல்போன் சிக்னல் இல்லை என்று எழுதாதீர்கள், ஊர் எல்லையில் டவர் இல்லாத இடம் இன்று அபூர்வம். போனைப் பிடுங்கிவிட்டார்கள் என்றே எழுதுங்கள். பிளான்ட் அறைப் பக்கம் மதில் சரிந்த இடத்தில் ஆடு உள்ளே போகும் ஒரு சந்து வையுங்கள். அந்தச் சந்தைத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் பழைய மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருக்கட்டும், அவருக்கு இன்னும் கிராஜுவிட்டி வரவில்லை. வில்லன் அவரிடம்தான் வழி கேட்டிருப்பான். எவ்வளவு கொடுத்தான் என்பதை முடிவு செய்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.