வயது வந்த பிறகும் மூளை புது அசைவுகளைப் பழகுமா?

பழகும். மூளையின் மேற்பரப்பில் இயக்கப் புறணி என்றொரு பட்டை உண்டு. உடம்பை அசைக்கும் கட்டளைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகின்றன. அதில் முதுகுக்குக் கொஞ்சம் இடம்தான். விரல்களுக்கும் உதட்டுக்கும் ஏராளம். மூளை அறுவைச் சிகிச்சையின்போது லேசான மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, எந்த உறுப்புக்கு எங்கே இடம் என்ற இந்த வரைபடத்தை 1937-இல் வெளியிட்டவர்களில் ஒருவர் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு.

கோவை மாவட்டத்துச் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்கு நாற்பது வயதில் வேலைக்குச் சேருபவரைப் பாருங்கள். அறுந்த இழையை முடிய முதல் வாரம் திணறுவார். நூல் நழுவும், எச்சில் தொட்டு முறுக்குவார், மறுபடி நழுவும். சில மாதம் போனால் பக்கத்துத் தறிக்காரரிடம் கத்திப் பேசிக்கொண்டே (தறிச் சத்தத்தில் வேறெப்படிப் பேசுவது?) பார்க்காமலே முடிச்சுப் போடுவார். திரும்பத் திரும்பச் செய்யும்போது சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு பலப்படுகிறது. சிறுமூளை ஒவ்வொரு தவறையும் திருத்திக்கொண்டே வருகிறது.

இந்த இணைப்பு இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள ஊர்ப்புறப் பாதை) மாதிரிதான். ஆள் நடந்தால் தடம்; நடக்காவிட்டால் முள் மூடிவிடும். மாவுக்கட்டுப் பிரித்ததும் கை தடுமாறுவதற்குத் தசை மெலிவு மட்டும் காரணமல்ல, மூளையின் பிடியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு தினமும் பயிற்சி செய்யச் சொல்வதும் இதனால்தான்.

அப்புறம், பயிற்சி செய்தால் புது மூளை அணுக்கள் முளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே முக்கியமாக மாறுவது இருக்கிற அணுக்களின் இணைப்புகள்தான்.