மூக்கடைப்புக்கு ரேடியோ அலைச் சிகிச்சை: பதில்

தீராத மூக்கடைப்புக்கு, ரேடியோ அலையால் மூக்குச் சதையைச் சுருக்கும் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போதே நாள் குறிக்க வேண்டாம். எட்டு மாதமாக ஆக்ஸிமெட்டாசோலின் என்னும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து விடுவதாக எழுதியிருக்கிறீர்கள், முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

இம்மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறக்கும். ஆனால் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், அதன் வேகம் தணிந்ததும் மூக்கின் உட்சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கி, அடுத்த சொட்டைக் கேட்கும். நீங்கள் குறிப்பிடும் இராணிப்பேட்டைத் தோல் பட்டறையின் தூசியும் நெடியும் அடைப்பைத் தூண்டியிருக்கலாம். அதை நீடிக்க வைப்பது பெரும்பாலும் சொட்டு மருந்தே.

சோதித்துப் பார்க்க, ஒரு நாசியில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவி, மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தினமும் அடியுங்கள். முதல் சில இரவுகள் கொடுமையாகத்தான் இருக்கும். ஓரிரு வாரங்களில் அந்தப் பக்கம் திறந்தால், மறுபக்கமும் நிறுத்தலாம்.

திறக்காவிட்டால், இரு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டில் வளைவோ, சதை வளர்ச்சியோ உண்டா என்று எண்டோஸ்கோப்பில் (மூக்கின் உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) பார்த்த பிறகே சிகிச்சையை முடிவு செய்யுங்கள். வளைந்த தண்டை ரேடியோ அலை நிமிர்த்தாது. ஒரே பக்க அடைப்புடன் இரத்தம் கசிந்தால், இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.